வண்டிப் புகையும் உன் மாமாவின் கோபமும்

அரியலூர்
24-11-1983

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அம்மா சின்னப்பிள்ளை எழுதுவது. நீயும் மாப்பிள்ளை வேணுகோபாலும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். உன் அப்பாவை வைத்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். என் தம்பி, அதுதான் உன் மாமாவும் மாமனாரும், மாப்பிள்ளைக்குக் கோபமாக ஏதாவது எழுதியிருந்தாலும் எழுதியிருப்பார். நீ பாதியைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டு உட்காராதே, முழுவதையும் நான் சொல்கிறேன்.

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து நம் லாரி கரும்புகை கக்க ஆரம்பித்தது. சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் போதும், பின்னால் வருகிற எவருக்கும் ரோடு தெரியாது. வண்டியும் முன்போல இழுக்கவில்லை, டீசலை மட்டும் குடித்தது. வண்டி ஓட்டுகிற உன் மாமா, டீசல் பீய்ச்சுகிற நாசில் ஒழுகுகிறது என்றார், உன் அப்பா டீசல் பம்ப்தான் என்றார். பம்பைக் கழற்றித் திருச்சிக்குக் கொண்டுபோய் செட் பண்ணி மாட்டினார்கள், நாசிலையும் மாற்றினார்கள், புகை நிற்கவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும் என்று ஒருவர் சொல்ல, ஆயில் எரிந்தால் நீலமாக வரும் இது கறுப்பாக அல்லவா வருகிறது என்று இன்னொருவர் சொல்ல, ஆளுக்கொரு பேச்சு. யாரையும் முழுசாகப் பார்க்கவிடாமல் இதைக் கழட்டு அதை முடுக்கு என்று பக்கத்தில் நின்று உத்தரவு போட்டவர் உன் அப்பாதான். இதற்கு நடுவில் பெண்சாதியைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிளில் வந்த ஒருவர் அந்தப் புகைக்குள் வழி தெரியாமல் ரோட்டிலேயே விழுந்துவிட்டார். பின்னால் வந்த பஸ்காரர் பிரேக் போட்டதால் இரண்டு உயிர் தப்பியது. பஸ்காரர் இறங்கி வந்து உன் மாமாவைக் கண்டபடி திட்டியிருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் டீக்கடையில் அத்தனை டிரைவர்களுக்கும் எதிரில் உன் அப்பா சொன்ன வார்த்தை இது: "பம்பும் சரி, நாசிலும் சரி, அப்புறம் ஏன் பொகையுது? டீசலை வித்துப்புட்டு சீமெண்ணெயை ஊத்துனா பொகையத்தான் செய்யும்." என்ன பேச்சு பார். வண்டி வாங்கின நாளிலிருந்து ஸ்டியரிங் பிடிக்கிற மனிதரை, நம் பெண்ணைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தியை, என் கூடப்பிறந்தவனைத் திருடன் என்று சொல்லியாயிற்று. உன் மாமா சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமங்கலத்தில் இருக்கிற தன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

உன் அப்பாவோடு நான் போட்ட சண்டையில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அப்படியானால் டீசல் டேங்கைக் காலி பண்ணிப் புது டீசல் ஊற்றிப் பாருங்கள் என்றேன், ஊற்றினார். அப்போதும் புகைதான். சரி இப்போதாவது ஒத்துக்கொள்வார் என்று பார்த்தால், பழைய எண்ணெய் உள்ளே எங்கேயாவது தங்கியிருக்கும் என்கிறார். இந்த மனிதரிடம் நான் என்ன பேசுவது சொல். உன் பிரசவத்துக்காக வேண்டிக்கொண்ட நேர்த்தியைச் செலுத்த செட்டிகுளம் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, லோடு ஏற்றாமல் வண்டியைப் பெரம்பலூர் பட்டறையில் காட்டிவிட்டு அப்படியே போகலாம் என்று அவர் கூப்பிட, நானும் ஏறி உட்கார்ந்தேன். அங்கே மெக்கானிக் சாமிக்கண்ணு எங்கேயும் ஸ்பேனர் வைக்காமல் முதலில் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "டீசல் சாஸ்தியா போவுது, இல்லாட்டி காத்து கம்மியா போவுது, ரெண்டுல ஒண்ணுங்க. டீசல் பக்கம்தான் எல்லாம் பாத்துட்டீங்களே" என்றார். காற்று இழுக்கிற குழாயைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை ரேஸ் பண்ணச் சொன்னார். புகை அப்படியே மட்டுப்பட்டுப் போயிற்று. கழற்றின குழாய்க்குள் கையை விட்டு இழுத்தால் கரிபிடித்த ஒரு துணி வருகிறது. கரைப் பக்கம் மட்டும் பச்சை தெரிந்தது. அது என் பழைய சேலைக் கிழிசல், பூஜைக்கு வண்டி துடைக்க நான் கொடுத்தது. பானெட்டைத் தூக்கி ரப்பர் ட்யூப்பில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினபோது உள்ளே தண்ணீர் போகாமல் இருக்க உன் அப்பாவே அந்தக் காற்றுக் குழாய் வாயில் திணித்திருக்கிறார், எடுக்க மறந்துவிட்டார். அது உள்ளே இழுபட்டுக் காற்றை அடைத்துக்கொண்டது. அவர் துணியைப் பார்த்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

முதலில் விக்கிரமங்கலம் போங்கள், முருகன் காத்திருப்பார் என்றேன். "அதான் வண்டி சரியாயிட்டுதே, கேள்விப்பட்டு அவனே வந்துடுவான்" என்றார். நான் இறங்கிப்போய்ப் பட்டறை வாசலில் நின்றுகொண்டேன், நீங்கள் மட்டும் ஓட்டிக்கொண்டு போங்கள் என்று. கடைசியில் திருப்பினார். உன் மாமியார் பூமாலை வாருங்கள் என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். உன் அப்பா மழையைப் பற்றிப் பேசினார், கடலைச் செடியைப் பற்றிப் பேசினார், பேச வேண்டியதைத் தவிர எல்லாம் பேசினார். உன் மாமாவேதான் கேட்டார், "பொகை நின்னுச்சா?" என்று. நின்றுவிட்டது, துணி அடைத்திருந்தது என்றார். "யாரு வச்ச துணி மாமா?" இவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் வச்சதுதான்" என்றார். உன் மாமா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "அத இங்க சொன்னா எப்படி, டீக்கடையில வந்து சொல்லுங்க" என்றார். அதற்கு இவருக்கு ரோஷம் வந்து, கிளம்பு என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் நடுவில் என் தலை வெடித்துவிடும் போல் இருந்தது. நான் ஒன்றே ஒன்று சொன்னேன். தை மாதம் பெண்ணுக்கு வளைகாப்பு, அவளை அழைத்துவர யார் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள் என்று.  முந்தாநாள் அவரே போய் உன் மாமாவைக் கூட்டிவந்து, அதே டீக்கடையில், "இவன் ஒரு சொட்டு எடுக்கல, துணிய அடச்ச முட்டாள் நான்தான்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டாராம். சிரித்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார், அதற்கும் நான்தான் திட்டு வாங்கினேன்.

உன் மாமா மறுபடியும் வண்டியை எடுத்துவிட்டார். ஆனால் முன்போல வீட்டுக்குள் வந்து சாப்பிடவில்லை. இன்றைக்கு மத்தியானம் வண்டி வாசலில் நின்றது, ஆள் இறங்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு நானே கேபினில் ஏறி உட்கார்ந்தேன். நீ சாப்பிடாமல் நான் இறங்க மாட்டேன் என்றதும் சாப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். எட்டிப் பார்த்தால் உன் அப்பா, ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு கையில் ரசம். "சோத்தை மட்டும் கொடுத்தா எப்படித் தொண்டையில எறங்கும்?" என்று என்னைத்தான் அதட்டினார். உன் மாமா கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளையை அவர் அப்பாவுக்கும் உன் அப்பாவுக்கும் ஒரே கவரில் எழுதச் சொல், தனித்தனியாக எழுதினால் அதிலும் ஒரு சண்டை வரும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதே. அங்கே குளிர் என்கிறாய், காதை மூடிக்கொள், கனமான குடத்தைத் தூக்காதே. இரண்டு வீட்டுத் தெய்வமும் உன் பக்கத்தில் இருக்கட்டும், சுகமாகப் பிள்ளை பெற்றெடுத்து நீண்ட காலம் வாழ வேண்டும். என்றைக்கு ரயில் ஏறுகிறாய் என்பதை முன்கூட்டியே எழுது.

உன் அம்மா,
சின்னப்பிள்ளை