வரியில்லாத பாட்டுக்கு விளக்கு அணைத்தது

கேன்டர்பரி,
9 மார்ச் 1971

அன்புள்ள டெஸ்மண்ட் தம்பிக்கு,

வேன் ஓட்டும் வில்ஃப் எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். வேல்ஸ் பண்ணையில் உனக்கும், உன் பேச்சைக் கேட்காத அந்த ஆடுகளுக்கும் சௌக்கியம்தானே?

நீ போனபின் நம் இசைக்குழுவில் பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம்தான். லயனல் என்று ஒரு சாக்ஸபோன்காரன் வந்திருக்கிறான். ஜாஸையும் ராக்கையும் கலக்கிறார்களாம். ஒரே உருப்படி இருபது நிமிடம் ஓடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் தலையும் வாலும் பிடிபடவில்லை. முன்பெல்லாம் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கலர் எண்ணெயைச் சொட்டி, விளக்கைக் காட்டி, சுவர் முழுக்கக் குமிழ் குமிழாக ஓடவிடுவேன். நீ கடைசி வரியைப் பாடியதும் டப்பென்று அணைப்பேன். வரியே இல்லாவிட்டால் எதை வைத்து அணைப்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை டோவரில் மாட்டிக்கொண்டேன். சத்தமெல்லாம் அடங்கியது. முடிந்தது என்று மொத்த விளக்கையும் அணைத்துவிட்டேன். அது உருப்படிக்கு நடுவில் வேண்டுமென்றே விட்ட இடைவெளியாம். இப்போது இவர்கள் இசைக்குறிப்பு எழுதிய காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறவர்கள். இருட்டில் ஆளுக்கொரு பக்கம் தடுமாறினார்கள். லயனல் வந்து, "ஏண்ணே, கரண்ட்ட மிச்சம் புடிச்சு வீட்டுக்கா கொண்டு போறீங்க?" என்றான். "நீங்க முடிக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டையர் வயசு வந்துரும் போலிருந்துச்சு தம்பி" என்றேன்.

சிரித்தேனே தவிர, இனி என்னை வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்தொரு வயது, பதினாலில் நின்ற படிப்பு. காகிதம் பார்க்க வெள்ளை விளக்கு போதும், கலர் எண்ணெய் வேண்டாம் என்று ஏற்கெனவே பேச்சு. தகடுகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆர்கன் வாசிக்கும் கிளைவிடம், "நானே நின்னுக்கிறேம்ப்பா" என்றேன்.

அவன்தான் போட்டு உடைத்தான். கிளம்பிய அன்று நீ, "வேன் என்னுது. வில்ஃப் அண்ணன் இருக்கறவரைக்கும் வச்சுக்கங்க. அவர அனுப்பினா வேனையும் அனுப்பிடுங்க" என்றாயாமே. அடப்பாவி, இத்தனை மாதமாக அந்த வேனைத் திட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

உன் பாட்டுக்கு இடமில்லை என்று ஆன நாளில் எனக்கு இடம் பிடித்துவிட்டுப் போயிருக்கிறாய். நன்றி என்று எழுதினால் கிண்டல் பண்ணுவாய். எழுதிவிட்டேன், பண்ணிக்கொள்.

கிளைவ் நல்லவன். வேனுக்காக மட்டும் என்னை வைத்திருக்கவில்லை என்று சத்தியம் செய்தான். இப்போது முடிகிற சமயத்தில் டிரம்ஸ்காரன் பாசில் ஒரு குச்சியைத் தலைக்குமேல் தூக்குகிறான். நான் அணைக்கிறேன். கைத்தட்டல் சரியான நேரத்தில் விழுகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே பாடுகிறாயா, இல்லை அதையும் விட்டுவிட்டாயா? வேறு சேதி எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் எழுது. அந்த ஊர்க் குளிர் உன் தொண்டையைத் தொடாமல் இருக்கட்டும்.

என்றும் உன்,
வில்ஃப் ஹாப்டே