மோர்மிளகாய்க் கண்ணீர்

அண்ணை,

இன்று காலை மனைவி மோர்மிளகாய் பொரித்தாள். அந்த நெடியில் தும்மிக்கொண்டே உங்களை நினைத்தேன். நினைத்ததும் கோபம் வந்தது.

உங்களைப் பற்றிய படம் போன வாரம் இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் திரையரங்கில் ஓடியது. இனஒதுக்கலை எதிர்த்துத் தென்னாபிரிக்காவில் சிறை கிடந்தவர், தப்பி வந்து இங்கே துணி ஆலையில் என்னோடு வேலை செய்தவர் அல்லவா நீங்கள்? குடும்பத்தோடு போனேன். கல்யாணக் கோட்டுக்குள் வயிற்றை அடக்கிக்கொண்டு. மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டுக்கு நீங்கள் வந்திருந்த வீடியோவைப் படக்காரருக்குக் கொடுத்ததே நான்தான். நானும் திரையில் வருவேன் என்று தெரிந்த சனத்துக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

வந்தது நீங்கள் மட்டும். விருந்து மேசையில் தனியாக, கண்ணீர் வழிய. பின்னால் வயலின் விம்முகிறது. அந்நிய மண்ணில் ஒரு போராளியின் தனிமை என்கிறது ஒரு குரல்.

தனிமையா? மண்டபம் நிறையச் சனம்! மோர்மிளகாயைக் கத்தரிக்காய்ப் பொரியல் என்று நினைத்து முழுதாகக் கடித்துவிட்டு, எங்களிடம் பொறுக்கிய தமிழில் அலறினீர்கள்: "தம்பி, சிறையிலைகூட என்னை இப்பிடி அழ வைக்கேல்லை!" கண்ணீரை வைத்துக்கொண்டு, தண்ணீரோடு ஓடிவந்த என்னை வெட்டிவிட்டார்கள்.

"என்ரை மிளகாய் நடிச்சிருக்கு, பேர்கூடப் போடேல்லை" என்றாள் மனைவி.

பாட்டு விஷயத்தில் அவர்கள் செய்தது அதைவிடத் துரோகம். அன்று மேசையில் தாளம் போட்டு உங்கள் போராட்டப் பாட்டைப் பாடினீர்கள். எங்கள் வீடியோக்காரர் வழக்கம்போல எல்லாச் சத்தத்தையும் அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார். நீங்கள் வாயசைக்க, காதல் டூயட் கேட்கும். படக்காரர்கள் அந்த டூயட்டை நீக்கிவிட்டு, பெரிய பாடகர் குழுவை வைத்து உங்கள் பாட்டை முழுதாகப் பாட வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் ஒருநாளும் முழுதாகப் பாடியதில்லை; எப்போதும் ஒரே வரியில் நிறுத்திவிடுவீர்கள். "அந்த வரியிலைதான் எப்பவும் காவலாளி வந்திடுவான், தம்பி. மிச்சத்தைப் பழகக் கிடைக்கேல்லை" என்று சிரிப்பீர்கள்.

இயக்குநருக்குத் தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தேன். "சனம் சிரித்தால் அவரை மதிக்காது" என்றார். சிரிக்காத உங்களை நான் கண்டதேயில்லை என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

நேற்று காரில் அந்தப் பாட்டை முணுமுணுத்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தினேன்.

"மிச்சம்?" மகள் டேனிஷில் கேட்டாள். "படத்தில் முழுதும் இருக்கிறதே."

"அது அவையின்ரை பாட்டு, பிள்ளை. அண்ணையின்ரை இவ்வளவுதான்."

அவள் தொடக்கத்திலிருந்து மெல்லப் பாடினாள். அந்த வரியில் அவளும் நிறுத்தினாள்.