கலவரத்தில் வைத்த தீ

பங்குனி 9, சனிக்கிழமை.

அறுவடைக் கூலித் தகராறில் என் நெல் களஞ்சியமும் சித்தப்பா மகன் சாமிநாதனின் களஞ்சியமும் ஒரே ராத்திரியில் எரிந்தன. இரண்டுக்கும் இன்ஷூரன்ஸ் போட்ட ஏஜென்ட் இன்று வந்தார். அவனுக்குப் பணம் வந்துவிட்டதாம். எனக்கு வராதாம்.

"தீக்குத்தானேய்யா பாலிசி எடுத்தேன்?"

"கலவரத்துல வச்ச தீ அதுல சேராதுங்க. அதுக்குத் தனியாக் கட்டணும்னு அப்பவே சொன்னேன். அவர் கட்டினாரு. நீங்கதான், நம்ம ஆளுங்க அப்படிச் செய்ய மாட்டாங்கன்னுட்டீங்க."

சொன்னேன்தான். அதுவும் எவ்வளவு பெருமையாக. சாமிநாதன் தன் ஆட்களை ஒருநாளும் நம்பியதில்லை. இப்போது அவனுக்குப் புதுக் களஞ்சியம் எழும்புகிறது. சாயங்காலம் அந்த வழியாக வரும்போது வேண்டாமென்று நினைத்தும் பார்த்துவிட்டேன். வயிறு எரிந்தது. கூரைக்கு ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் என் ஆட்கள்.