நீல இலை ஜாடி

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. மாமாவின் முழங்கால் வலி தேவலையா? அதை மட்டும் மனதாரக் கேட்கிறேன். மற்றதெல்லாம் வயிற்றெரிச்சலில் எழுதுவது.

நீ விற்ற நீல இலை ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, அதை வாங்கிய சேகரிப்பாளர் நேற்று நம் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மண்ணில் கோடு கீறி நீல மண்ணை அடைத்தால், காயும்போது நீலம் சுருங்கி விரிசல் விடும். இதில் மயிரிழை விரிசல்கூட இல்லையே என்று மாய்ந்து போனார். உங்கம்மா கை யாருக்குங்க வரும் என்றார்.

அம்மா கையா? அவளுக்கு நீலம் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. இந்த நீலம் என் உயிரை வாங்குது என்று புலம்புவாளே, மறந்துவிட்டாயா? அவள் போன பிறகு, சுட்ட மண்தூளை நீலத்தில் கலந்து, ஈரத்துணி சுற்றி மெல்லக் காயவைத்து, அதை வழிக்குக் கொண்டுவந்தவள் நான்.

ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் அம்மாவின் முத்திரை. அவராக ஏதோ நினைத்துக்கொண்டார், அக்கா பேசாமல் இருந்துவிட்டாள் என்றுதான் அதுவரை உனக்காக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுட்ட மண்ணில் முத்திரை பதியுமா, அக்கா? நான் காய்ச்சலில் கிடந்தபோது, நீ படுடி, ஈரத்துணியெல்லாம் நான் மாத்திக்கிறேன் என்றாயே. அப்போதே குத்தியிருக்கிறாய். சூளையில் வைத்ததும் நீ, எடுத்துப் பொதிந்து கொண்டுபோனதும் நீ. எனக்கு மாத்திரை கொடுத்த அதே கை! நான் வேறு உருகி உருகி நன்றி சொன்னேன்.

அம்மா பெயர் நிலைக்கணும் என்பாய். நிலைக்கட்டும், அவள் செய்தவற்றில். அம்மா செஞ்சது இன்னும் ஏதாவது இருக்கா என்று அவர் கேட்டபோது, உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல், இல்லைங்க என்று மட்டும் சொன்னேன். என் ஜாடியை என் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஜாடி ஈரத்துணிக்குள் இருக்கிறது. அதன் அடியில் என் பெயரை ஆழக் கீறி நீலம் அடைத்துவிட்டேன். சுரண்டினாலும் போகாது.

அம்மாவின் முத்திரையைத் திருப்பி அனுப்பு. அவரிடம் உண்மையை நீயே உன் வாயால் சொல். நான் சொன்னால் உனக்கு அவமானம்; அதை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியாது. போனவள் அம்மா. அவளோடு சேர்த்து என்னையும் அனுப்பிவிடாதே, அக்கா.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும்
உன் தங்கை