ஆறாவது மைலில் நிற்கும் ஜீப்

14-10-1967, சனி

ஜீப் இன்று நடுவழியில் நின்றுவிட்டது. ஆறாவது மைல், மேடவாக்கம் தாண்டி ஏரிக்கரை மண்பாதையில். நர்ஸம்மாவும் ஆயா கங்கையம்மாளும் மருந்துப் பெட்டியோடு வெயிலில் காய்ந்தார்கள். பெட்ரோல் பம்பைத் தட்டினேன், கார்புரேட்டரைத் தட்டினேன். பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால், ஒன்றும் நடக்காதது போல் கிளம்புகிறது! வண்டியா பிசாசா?

மூடியில் சந்தனமும் குங்குமமும். ஆயுதபூஜைக்குக் கங்கையம்மாள் செய்த வேலை. மிஷன் ஆஸ்பத்திரி வண்டிக்கு முகப்பில் பொட்டு வைத்தால் மேட்ரன் ரத்தினபாய் அம்மாள் சும்மா விடுவாரா? அதனால் யாரும் பார்க்காத இடமாகத் தேடி அப்பியிருக்கிறாள். நானும் காணாதவன் போல் இருந்துவிட்டேன். அவள் சாமி அவளுக்கு.

16-10-1967

மெக்கானிக் அத்தாவுல்லாவிடம் வண்டியை விட்டேன். ஷெட்டில் இருக்கும் இரண்டு ஜீப்பும் ஜெனரேட்டரும் அவன் கையில். அவனும் ஷெட்டும் என் பொறுப்பில். பம்பில் தூசி தங்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினான், கார்புரேட்டரைப் பிரித்து ஊதினான், ஏர் கிளீனரைக் கழுவினான். ஷெட்டில் அரைமணி நேரம் ஓடவிட்டோம். தையல் மிஷின் மாதிரி ஓடியது.

27-10-1967, வெள்ளி

மறுபடியும் நின்றது.

கங்கையம்மாள் பொட்டைப் புதுப்பித்திருக்கிறாள். வாரா வாரம் வெள்ளிக்கிழமை வைக்கிறாளாம். இந்த வண்டிக்கு எத்தனை பொட்டு வைத்தாலும் போதாது.

4-11-1967

மூன்றாம் முறை. மழை வேறு. பள்ளிக்கரணைச் சேற்றில் ஒரு மணி நேரம். கிராமத்தில் ஊசி போட வந்து காத்திருந்தவர்கள் கலைந்து போய்விட்டார்கள். நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வை!

பெட்ரோலில் தூசி இருக்கிறது, வேறென்ன? டிரம்மிலிருந்து இறக்கும்போது துணியில் வடிகட்ட வேண்டும் என்று தலைப்பாடாய் அடித்துக்கொள்கிறேன். மெக்கானிக் பயல் அவசரத்தில் அப்படியே ஊற்றுகிறான்.

6-11-1967

மேட்ரன் அறிக்கை கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘மெக்கானிக் அத்தாவுல்லாவின் அஜாக்கிரதை.’ சாயங்காலமே அவனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாவிகளை என் மேஜையில் வைத்தான். “அல்லா மேல ஆணையா மூணு தபா வடிகட்டினேன் சார்.” அவ்வளவுதான் சொன்னான். நான் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை?

18-11-1967

நானே வடிகட்டினேன். நானே கிண்ணத்தைக் கழுவினேன். நின்றது.

சாப்பாடு இறங்கவில்லை.

24-11-1967, வெள்ளி



நாவலூரில் ஒரு பிரசவக் கேஸ். இரண்டு நாளாய் வலி, குழந்தை இறங்கவில்லை. பெண்ணை ஜீப்பில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பனங்காட்டு வழியில் எஞ்சின் இருமி நின்றது. அந்தப் பெண் கத்துகிறாள். ஓடிப்போய் டாங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று.

அந்தச் சத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூடியில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் டாங்குக்குள் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. அந்த ஓட்டையின் மேல்தான் வாரா வாரம் சந்தனம் ஏறிச் சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியிருந்தது. மூடியைத் திறந்த தடவையெல்லாம் கிளம்பியதே! இருபது வருஷ டிரைவர் நான். மண்டையில் என்ன இருந்தது, களிமண்ணா?

நர்ஸம்மாவிடம் ஊக்கு வாங்கிக் குத்தினேன். பொட்டைத் துடைக்கவில்லை. வண்டி எங்கேயும் நிற்காமல் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய பத்தாவது நிமிஷம் ஆண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன. தோத்திரம்.

கங்கையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “நான் வெச்ச பொட்டுதான் சார் ரெண்டு உசுரையும் காப்பாத்திக் குடுத்துச்சு!”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

27-11-1967

மூன்று நாளாய் மேட்ரன் அறை வரை போய்த் திரும்புகிறேன். உண்மையைச் சொன்னால் கங்கையம்மாள் வேலை போகும். சொல்லாவிட்டால் அத்தாவுல்லா பேரில் போட்ட பழி அப்படியே நிற்கும். இன்று போய்விட்டேன்.

“மூடியின் ஓட்டை அடைத்திருந்ததும்மா. டிரைவர் நான்தான் பார்த்திருக்கணும். மெக்கானிக் மேல் தப்பே இல்லை.”

“எது அடைத்தது, மிஸ்டர் வேதசிரோமணி?”

“அழுக்கும்மா.”

சந்தனத்தை அழுக்கு என்று சொன்னதற்குக் கர்த்தர் என்ன கணக்கு வைத்திருக்கிறாரோ. மேட்ரன் ஷெட் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். அத்தாவுல்லா திரும்பி வந்தால் அது அவனுக்கு. இனி நான் வெறும் டிரைவர். வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் ராத்திரி சோறு இறங்கியது.

கங்கையம்மாளிடம், “மூடியில் மழை படுது, ஸ்டியரிங்குக்குக் கீழே வை” என்றேன். சரி சார் என்று குளிர்ந்துபோனாள்.

10-12-1967, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பல்லாவரத்துக்கு சைக்கிள் மிதித்தேன். அத்தாவுல்லா இப்போது கல்குவாரி லாரிகளைப் பழுது பார்க்கிறானாம். நோன்பு மாதம், உதடு காய்ந்திருந்தது. அப்படியும் அவன் மனைவி அக்தர் பேகம் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவன் வெறும் கையோடு எதிரே உட்கார்ந்திருந்தான். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“நானும் பாத்தேன் சார் அந்தப் பொட்ட. சாமி சமாச்சாரம், கை வெக்க மனசு வர்ல. சுத்திச் சுத்தித் தொடச்சினு இருந்தேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஆயாம்மாக்கு இது தெரிய வாணாம். பாவம், தாங்காது.”

திரும்பி வா என்றேன்.

“அதெல்லாம் சரி சார். இன்னா ஆச்சுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? எழுதிக் குடுத்துட்டீங்களே.”

மன்னிச்சிடு என்றேன். அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

4-1-1968

பெருநாள் முடிந்து வந்துவிட்டான். நான் கும்பிட்டதற்காக இல்லை. கல்குவாரித் தூசு நெஞ்சுக்கு ஆகவில்லையாம். வேலைப் பேச்சு மட்டும் பேசுகிறான். சாவி, ஸ்பானர், எத்தனை மைல். அவ்வளவே.

20-1-1968, சனி

கேளம்பாக்கம் பக்கம் புழுதி அதிகம் என்று காலையில் நானே ஏர் கிளீனரைக் கழுவி, ஆயில் ஊற்றி மாட்டினேன். அளவுக் கோட்டுக்கு மேல் ஊற்றிவிட்டேன். எஞ்சின் ஆயிலை உறிஞ்சி, வழியெல்லாம் நீலப் புகை. பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. ஊசி போட வேண்டிய பிள்ளைகள் இன்றும் ஏமாந்தார்கள்.

அத்தாவுல்லா திறந்து பார்த்தான். ஷெட் ரிஜிஸ்டர் அவன் அக்குளில் இருந்தது. எழுதட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அவன் அதைத் திறக்கவில்லை. பக்கத்தில் வந்து மட்கார்டில் சாய்ந்துகொண்டான்.

“இன்னா சார் ஆச்சு? சொல்லுங்க.”

மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தேன், கோடு தெரியவில்லை என்றேன். “வயசாச்சுல்ல. இனிமே கண்ணாடி இல்லாம கை வெச்சீங்க, பேஜாராய்டும்” என்று சிரித்தான்.

கிளம்பும்போது ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தேன். ‘ஏர் கிளீனர் ஆயில் சரி செய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தான். யார் பெயரும் இல்லை.