தேன்நிறப் பூச்சு

மார்ச் 3, திங்கள்

என் மகள் ஜெம்மாவின் இரத்தத்தில் ஈயம். ஈயச் சுரங்க ஊரான ப்ரோக்கன் ஹில்லில் குழந்தைகளுக்கு இது புதிதில்லை. ஆனால் இவளுக்கு மிக அதிகம் என்றார் நர்ஸ் டீர்ட்ரி. இரண்டு வயதுதான் ஆகிறது.

சுரங்க உடுப்போடு வீட்டுக்குள் வந்ததற்காகக் கணவனிடம் கத்தினேன். கிரெக் கொல்லைக் குழாயடியில் போய்த் துவைத்தான்.

மார்ச் 8

ஜன்னல், தரை, பொம்மைகள் எல்லாவற்றையும் மறுபடி ஈரத்துணியால் துடைத்தேன். குழந்தைக்குத் தெம்பு வேண்டுமே என்று தாத்தாவின் சட்டியில் தக்காளி போட்டு பீன்ஸ் வேகவைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

அம்மாவின் அப்பா, சவேரியோ தாத்தா. இத்தாலியிலிருந்து கல்யாணக் கோட்டில் சுற்றிக் கொண்டுவந்த மண்சட்டி. உள்ளே தேன் நிறத்தில் பூச்சு மினுங்கும். வேறு யாரும் தொடக்கூடாது. ஞாயிறு காலையில் ஏற்றினால் மாலையில்தான் இறக்குவார். பூண்டு வாசனை தெருமுனைவரை வரும். அடியில் ஒட்டியதை ரொட்டியால் வழித்து என் தம்பி ஒரெஸ்தேக்கு மட்டும் ஊட்டுவார். "அடியிலதான்டா சத்து." எனக்குப் பொறாமையாக இருக்கும்.

மார்ச் 14

டீர்ட்ரி வீட்டுக்கு வந்து சோதித்தார். ஜன்னலில் ஒன்றுமில்லை, தரையில் கொஞ்சம். கிளம்பும்போது அடுப்பைப் பார்த்தார். சட்டியின் உட்புறத்தைச் சோதனைப் பஞ்சால் தேய்த்தார். பஞ்சு சிவந்தது.

பழைய பூச்சுகளில் ஈயம் இருக்குமாம். தக்காளியின் புளிப்பு அதைக் கரைத்துவிடுமாம்.

"இதுல எவ்வளவு நாளா சமைக்கிறீங்க, மேனா?"

"அவ சாப்பிட ஆரம்பிச்சதுலேர்ந்து."

நான்தான் ஊட்டினேன். ஊதி ஊதி, ஆறவைத்து.

சட்டியைச் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்தேன். உடைக்க மனம் வரவில்லை.

மார்ச் 15

ஒரெஸ்தே.

மார்ச் 16, ஞாயிறு

சின்ன வயதில் அவனுக்கு எப்போதும் வயிற்றுவலி. எழுத்து ஏறவே இல்லை. டீச்சர் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். இப்போது சூப்பர்மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டிகளை அடுக்குகிறான், அம்மாவோடு இருக்கிறான். சட்டிதான் காரணமா? இத்தனை வருடம் கழித்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டீர்ட்ரி.

ஆனாலும் அம்மாவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு சீவுவதை அவள் நிறுத்தவில்லை.

"எங்கப்பா எம் புள்ளைக்கு விஷம் வெச்சாருன்னு சொல்றியா?"

"அவருக்குத் தெரியாதும்மா."

"உனக்குப் படிப்பு வந்துச்சு, அவனுக்கு வரல. அவ்ளோதான். செத்த மனுஷன்மேல பழி போட எம் வீட்டுக்கு வராத."

கதவருகில் ஒரெஸ்தே நின்றான். "அக்கா, பீன்ஸ் கொண்டுவரலியா?"

ஏப்ரல் 20

ஈஸ்டர். அம்மா கூப்பிடவில்லை. நான் மட்டும் என்ன — நானும் கூப்பிடவில்லை.

ஜூன் 12

ஜெம்மாவுக்கு ஈய அளவு பாதிக்குமேல் இறங்கிவிட்டது. கிரெக் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளினிக்கிலிருந்து வந்தான்.

மாலையில் அம்மாவின் போன். குழந்தைக்கு எப்படி என்று கேட்டாள். சொன்னேன். பின்னால் டிவி ஓடியது. ஒரெஸ்தே சிரிப்பது கேட்டது.

"மேனா… ஒரெஸ்தேய கூட்டிட்டுப் போனா, அவனுக்கும் ரத்தம் எடுத்துப் பாப்பாங்களா?"

பார்ப்பார்கள் என்றேன்.

"அவனுக்கும் இறங்கிடும்ல?"

திங்கட்கிழமை போகலாம், நானே வந்து இரண்டு பேரையும் கூட்டிப் போகிறேன் என்றேன்.