அண்ணனின் சாம்பல் நிறக் கார்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து புழுதிக் காற்று. காயப்போட்ட துணியை மறுபடி துவைக்க வேண்டும். பள்ளி திறந்து ஒரு வாரம்தான், மகள் கயலுக்கு அதற்குள் இரண்டு முறை மூச்சிரைப்பு. ஆமத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் அவளை விருதுநகர் பள்ளியில் விட்டு, நான் சூலக்கரை ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் இருவர் முகத்திலும் மண். தூசியே ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பு. ஆக, கார். புதுசுக்கு வழியில்லை.

மெக்கானிக் முருகேசனிடம் கேட்டுக் குறித்தது:

வெள்ளை டீசல். ஓடியது 1,40,000 கி.மீ. இன்ஜெக்டர் போனால் முப்பதாயிரம் காலி. பள்ளிக்கும் ஆபீசுக்கும் ஓட்ட டீசல் எதற்கு?

சிவப்பு பெட்ரோல். 70,000 கி.மீ. கிளட்ச் மாற்ற எட்டாயிரம். பெயின்ட் மங்கல். பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும். முருகேசன் ஓட்டு இதற்குத்தான்.

அண்ணனின் சாம்பல் கார். பெட்ரோல். 38,000 கி.மீ. செலவு: ஒன்றுமில்லை என்கிறான் அண்ணன்!

ஜூன் 10, செவ்வாய்

ஆபீசில் அரைநாள் லீவு. சிவகாசி, அண்ணன் வீடு. வெயில் மண்டையைப் பிளந்தது. மதினி மோர் கொடுத்தாள்.

முருகேசனிடம் ஒரு தடவை காரைக் காட்டலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"ஏத்தா, கூடப் பொறந்தவன் காருக்கு மெக்கானிக்கா? வெளிய தெரிஞ்சா நாலு பேரு சிரிப்பாக. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுத்த வண்டி."

எங்களில் யாரும் சொந்தக்காரர் வண்டியைச் சோதித்து வாங்குவதில்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கேட்டிருக்கக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

கார் வந்துவிட்டது! அண்ணன் வீட்டு வாசலில் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அண்ணன்தான் கயலைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து, ஏ.சி.யை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினான். "எம் மருமகளுக்கு ஜில்லுன்னு இருக்கட்டும்."

முதல் ஓட்டம் கோயிலுக்கு. அண்ணன் பிள்ளைகளையும் கூப்பிட்டேன். அவர்களுக்கு ஆசைதான். வீட்டுப்பாடம் கிடக்கிறது என்று மதினி உள்ளே அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்ன வீட்டுப்பாடமோ.

ஓசூரில் வேலை பார்க்கும் இவருக்குப் போட்டோ அனுப்பினேன். "சூப்பர்" என்று ஒரு வார்த்தை.

ஜூன் 20, வெள்ளி

கண்ணாடி ஏற்றி, ஏ.சி. போட்டு, மகாராணிகள் போல் போய் வருகிறோம். புழுதியெல்லாம் வெளியே.

வாங்க: உளுந்து, இன்ஹேலர், ஸ்கூல் ஷூ பாலிஷ்.

கயலுக்கு இருமல் குறையவில்லை. கூடியிருக்கிறது. பருவக் காற்றாக இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

பாதி வழியில் கயலுக்கு மூச்சு இழுப்பு. பயந்துவிட்டேன். கண்ணாடியை இறக்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. இறக்கியதும்! நேரே முருகேசன் பட்டறை.

டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஏ.சி. ஃபில்டரை உருவினான். விரலில் தேய்த்துப் பார்த்தான். விரல் வெள்ளியாக மின்னியது.

"இது மண்ணு இல்லக்கா. பட்டாசுக்குப் போடுற அலுமினியப் பவுடரு. பட்டாசு மருந்து ஏத்துன வண்டி."

ஸ்டெப்னிக் குழியிலும் அதே. மிதியடிக்கு அடியிலும் அதே. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொட்டான். பக்கத்தில் பீடி பிடித்த ஆளை விரட்டினான். "ஒரு பொறி போதும்க்கா. எம்புட்டு நாளா பிள்ளைய வச்சு ஓட்டுனீக?"

ஒன்பது நாள்.

டேஷ்போர்டு கழற்றி, ஏ.சி. சுத்தம், சீட், கார்ப்பெட்: இருபத்திரண்டாயிரம். அப்படியும் முழுக்கப் போகுமா என்று சொல்ல முடியாதாம். சிவப்பு வண்டியின் கிளட்ச் எட்டாயிரம்தான்.

ஜூன் 25, புதன்

விஸ்வநத்தத்தில் அண்ணனின் பட்டாசுக் கம்பெனி. முகத்துக்கு நேரே கேட்டேன்.

"சீசன்ல லோடு வண்டி கெடைக்கல. ரெண்டு மூணு தடவ ஏத்துனேன். கழுவித்தானே குடுத்தேன்? இங்கன யாரு செய்யல?"

"கயலுக்கு வீசிங்னு ஒனக்குத் தெரியும்ல?"

போன் வந்தது போல் எழுந்து போய்விட்டான். போன் அடிக்கவே இல்லை.

முன்பின் தெரியாதவன் ஏமாற்றியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவனை என்ன சொல்லித் திட்டுவது? வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

ஜூன் 26, வியாழன்

வானம் மூட்டம். மழை இல்லை. மறுபடி ஸ்கூட்டர், கயல் மூக்கில் ஈரக் கைக்குட்டை.

சாயங்காலம் மதினி போன். சமாதானத்துக்கு. பாவம், மனசில் பட்டதைச் சொல்லிவிட்டாள்.

"ஒங்கண்ணன் ஒங்கிட்டச் சொல்லித்தான் குடுத்திருப்பாகன்னு இருந்தேன் தாயி. மருந்து ஏத்துனதுலேருந்து எம் பிள்ளைகள ஒரு நா அதுல ஏற விட்டதில்ல அவுக. அன்னைக்குக்கூட நீ கூப்பிட்டப்போ கண்ணக் காட்டுனாக, அதான் உள்ள அனுப்புனேன்."

ஏ.சி.யைக் கயல் முகத்துக்குத் திருப்பிவிட்டதும் அன்றைக்குத்தான், அதே அண்ணன்தான்.